தறியும் மனையும்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது நம் முன்னோர் மொழி. இவ்விரண்டிலும் கைப்பொருள் கரையும், மன அமைதியும் குலையும் என்பதே இதன் கருத்தெனப் பலரும் கொள்வர். எமக்குத் தோன்றுவது சிறிது வேறு. கலியாணத்தில் நேர்ந்த குறையைக் காலம் ஒருவாறு ஆற்றிவிடும். வீட்டில் நேர்ந்த குறையோ, சிமெண்டு இறுகிய பின்னர் நாடோறும் கண்முன் நின்றுகொண்டேயிருக்கும். ஆதலின் மனை எடுப்போர் வாணம் தோண்டுவதற்கு முன்னரே எண்ண வேண்டுவன பல உள. அவற்றுள் ஒன்றனைக் குறித்து மட்டுமே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சென்ற தை மாதத்தில், நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் ஆரணியில் தாம் கட்டி முடித்த புதிய இல்லத்தின் குடிபுகு விழாவிற்கு எம்மை அன்புடன் அழைத்திருந்தார். அவர் பட்டு நெசவாளர் குடியில் தோன்றியவர். தந்தையும் தாயும் தறியில் ஈட்டிய கூலியைக் கொண்டே இக்கல்லூரியில் பயின்றவர். இப்பொழுது சென்னையில் நல்ல ஊதியம் பெற்று வாழ்பவர். முன்னிருந்த நாட்டோட்டு வீட்டை இடித்துவிட்டு, அதே மனையில் கான்கிரீட் வீடு எழுப்பியிருந்தார். முகப்பில் கருங்கல் பலகை பதித்த படிகள், உள்ளே விசாலமான கூடம், இரண்டு படுக்கையறைகள், நோயுற்ற தந்தையாரின் பொருட்டு அறையை ஒட்டியே ஒரு கழிப்பறை. குறை கூற ஒன்றுமில்லை என்றே எண்ணினோம். விருந்துண்டு கைகழுவி மீளும் வழியில் அவருடைய அன்னையாரைக் கண்டு, “தறியை எங்கே அம்மா வைத்திருக்கிறீர்கள்?” என்று வினவினோம்.

“வீட்டில் இடம் விடவில்லை, ஐயா. பழைய குழியை இடித்த மண்ணைப் போட்டே மூடியாயிற்று. இரண்டு தெரு தள்ளி ஒரு கொட்டகை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். வேண்டாம் என்றுதான் பிள்ளை சொல்கிறான். கைவேலையை விட்டுவிட்டு நாள் முழுவதும் நான் என்ன செய்வது?” என்றார் அவ்வம்மையார். சற்று நிறுத்தி, “இவருக்கு வேளைக்கு வேளை மாத்திரை கொடுக்க வேண்டும். அதுதான் யோசனையாக இருக்கிறது” என்றும் கூறினார்.

யாம் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. ஊர் திரும்பும் பேருந்தில் இதே நினைவு. முன்னைய வீட்டில் அவர் தறியினின்று எழுந்து நான்கடி வைத்தால் கணவரின் கட்டில். அடுப்பில் உலை கொதிப்பதும் செவிக்குக் கேட்கும். இனி வேலையென்றால் நோயாளியை விட்டுச் செல்ல வேண்டும். நோயாளியைப் பார்ப்பதாயின் வேலையை விட வேண்டும். அன்புள்ள ஒரு மகன், பெற்றோர் சுகமாய் வாழ வேண்டுமென்றே கடன்பட்டுக் கட்டிய வீடு இந்த இக்கட்டை விளைத்துவிட்டது. அவர்மீது குற்றம் சுமத்த எமக்கு மனம் வரவில்லை. வரைபடம் எழுதியவர் எத்தனை படுக்கையறை வேண்டுமென்று கேட்டார். இவர் இரண்டு என்றார். தறியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. நடந்தது அவ்வளவே.

ஆரணியைப் பற்றி அறியாத நண்பர் பொருட்டுச் சில சொற்கள். கமண்டல நாக நதிக்கரையில், இந்நாளைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் அமைந்த இந்நகரம் சரித்திரத்தில் இரண்டு போர்களால் பெயர் பெற்றது. 1751 இல் இராபர்ட் கிளைவ் போரிட்டதும், 1782 இல் ஐதர் அலியின் படையும் ஆங்கிலப் படையும் பொருததும் இவ்வூரைச் சார்ந்தே. மராட்டிய ஜாகீர்தார்கள் இங்கிருந்து ஆண்டனர். சத்திய விஜய நகரத்திலும் பூசிமலைக்குப்பத்திலும் அவர்கள் எழுப்பிய மாளிகைகள் பாழடைந்து நிற்கின்றன. சுவரில் மரம் வேர்விட்டிருக்கும் அழகைக் காண விரும்புவோர் சென்று காணலாம். போர் போயிற்று, ஜாகீரும் போயிற்று. புவிசார் குறியீடு பெற்று இன்றும் ஊரின் பெயரை வெளியிடங்கட்கு எடுத்துச் செல்வது ஆரணிப் பட்டு ஒன்றே. அப்பட்டோ மாளிகையில் பிறந்ததன்று. ஓட்டு வீட்டின் முன்கூடத்தில் பிறந்தது.

அந்த ஓட்டு வீடுகளைக் கட்டிய கொத்தர் எந்தக் கல்லூரியிலும் கட்டடக் கலை பயின்றாரல்லர். ஆயினும் முதலில் இடம் பெற வேண்டுவது யாது என்பதில் அவர்க்கு ஐயமில்லை. குழித்தறியில் நெய்பவர் தரை விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழியுள் இறக்கி மிதிகளை மிதிப்பர். பாவு தரைக்குச் சற்றே மேலாகப் பின்னோக்கி நீண்டு கிடக்கும். மண்ணின் குளிர்ச்சி இழையை மிகவும் உலர்ந்து அறாதபடி காக்கும். கூரையை உயர்த்தப் பொருளில்லாதவர் தரையைத் தாழ்த்தி உயரம் பெற்றனர்; ஆதலின் தாழ்வான ஓட்டின் கீழும் தறியின் தலைமேல் ஜக்கார்டுப் பெட்டியை ஏற்ற இயன்றது. நெய்பவர் கைக்கு நேர் மேலே ஓட்டின் நடுவில் ஒரு கண்ணாடி ஓடு. பட்டின் நிறத்தைப் பகல் வெளிச்சத்திலன்றி எவ்விளக்கின் ஒளியிலும் உள்ளவாறு காண்டல் அரிது. திண்ணையில் முதியோர் அமர்ந்து தார் சுற்றுவர். வாயிலுக்கு வெளியே தெருவும் வீட்டின் ஓர் அறையே ஆகும்; விடியற்காலையில் வெயில் ஏறுமுன் பாவை அங்கு நீட்டிப் பிணைத்து, அறுந்த இழைகளைச் சேர்ப்பர். நெசவாளர் தெருக்கள் நேராகவும் நீளமாகவும் இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

இங்ஙனம் கூறுவதால் பழையன யாவும் பொன்னென்று யாம் பாராட்டுவதாக எவரும் கருத வேண்டா. அவ்வீடுகளில் ஒரு மழைக்காலத்தைக் கழித்தவர் அவ்வாறு கூறார். ஓடு ஒழுகும், தெருநீர் புகுந்து குழி நிரம்பும், நிரம்பினால் நீர் வற்றி மண் உலரும்வரை வேலையில்லை, கூலியுமில்லை. அடுப்புப் புகை சரிகையை மங்கச் செய்யும். மறைவான குளியலிடம் இன்றிப் பெண்டிர் பட்ட துன்பம் எழுதற்கு எளிதன்று. புது வீடு வேண்டுமென்று விரும்புவோர் நேரிய காரணங்களாலேயே விரும்புகின்றனர். வேண்டுவது பழைய வீடன்று. பழைய வீட்டில் இருந்த அறிவு.

இந்நாளில் ஒரு வீடு உருவாகும் முறையை நோக்குவோம். வங்கிக் கடன் எவ்வளவு கிடைக்கும் என்பது முதற்கேள்வி. அடுத்து, அண்டை வீட்டார் கட்டியதைக் காட்டிலும் நமது முகப்பு எவ்வாறிருத்தல் வேண்டும் என்பது. பின்னர் மனையடி சாஸ்திரம் வல்லார் ஒருவரை அணுகி, அறையின் அகலம் இத்தனை அடியானால் இன்ன பயன், இத்தனை அடியானால் இன்ன தீங்கு எனக் கேட்டு, ஓரடி கூட்டியும் ஓரடி குறைத்தும் சுவர்களை நகர்த்துகின்றனர். சாஸ்திரத்தை யாம் பழிக்கவில்லை. ஆயின் சாஸ்திரத்தைக் கேட்டறிந்து நகர்த்தும் சுவரை, தறியைக் கேட்டு நகர்த்துவார் ஒருவரும் இலரே என்பதுதான் எம் வியப்பு. அதற்குப்பின் நகராட்சி அனுமதி, மனை முகூர்த்தம், கடைக்கால், நிலை வைத்தல், தளம் இடுதல் என வேலை விரைந்து நடைபெறும். தளம் இட்ட அன்று மேஸ்திரிக்கும் சித்தாள்களுக்கும் வேட்டி சேலை வழங்கும்போதுதான், அச்சேலை நெய்த தறியின் நினைவு யாருக்கேனும் வருமாயின் வரும்.

தனியார் இங்ஙனமாயின், அரசினர் வகுக்கும் வீடுகள் எங்ஙனம்? கைத்தறியாளர்க்கென வீட்டோடு தறிக்கூடமும் சேர்த்துக் கட்டும் திட்டமொன்றை மத்திய அரசு 1985-86 இல் தொடங்கியது. எண்ணம் மிக நன்று. தறியும் வீடும் பிரிக்கத்தக்கன அல்ல என்பதை ஆட்சியாளரே ஏற்றுக்கொண்டமைக்கு அது சான்று. ஆனால் பின்னர்ப் பெருந்தொகையாய் எழுந்த வீடுகள் பொதுமக்கள் அனைவர்க்கும் ஓரளவாய் வகுக்கப்பட்டவை. தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய பசுமை வீடு 300 சதுர அடி. 2016 இல் வந்த பிரதம மந்திரியின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அஃதாவது ஏறத்தாழ 270 சதுர அடி. 2024 இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. குடிசையில் நனைந்தோர்க்கு இவை பெரும்பேறே. ஆரணியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தறிகள் உண்டாதலின், அங்குள்ள நெசவாளர் ஒருவர் இத்தகைய வீட்டைப் பெற்றாரென வைத்துக்கொள்வோம். சேலையின் அகலம் ஏறத்தாழ நான்கடி. தறிச்சட்டம் அதனினும் அகன்றது. அகலம் ஆறேழு அடியென்றும் நீளம் பத்துப் பன்னிரண்டு அடியென்றும் கொண்டால், எழுபது எண்பது சதுர அடி தறிக்கே வேண்டும். 300 சதுர அடியில் அது நாலிலொரு பங்கு. எஞ்சியதில் உண்பது எங்கே, உறங்குவது எங்கே?

இதனால் வருந்துவோர் யாவர் என்பதையும் கருதுதல் வேண்டும். 2019-20 இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவிலும் அதனைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபட்டோர் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர். அவருள் நூற்றுக்கு 72 பேர் பெண்டிர். நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மாதந்தோறும் பெறுவது 5,000 ரூபாய்க்கும் குறைவு. அரிசி களைந்து வைத்துவிட்டு ஒரு முழம் நெய்து, குழந்தையை உறங்கச் செய்துவிட்டு மற்றொரு முழம் நெய்யும் வாழ்க்கையே இவ்வெண்களுக்குப் பின்னால் உள்ளது. தறி வீட்டினின்று இரண்டு தெரு தள்ளிப் போனால், அவ்வருவாய் இரண்டு தெரு தொலைவுக்குக் குறைந்து நிற்பதன்று. பலர்க்கு அடியோடு நின்றுவிடும். கொட்டகை வாடகையோ நிற்காது.

பிற நாட்டார் இதனை எவ்வாறு நோக்கினர்? பிரான்சு தேசத்து லியோன் நகரம் பட்டுக்குப் பேர்போனது. அங்கே 1804 இல் ஜக்கார்டு என்பார் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பூவேலையை இயக்கும் பொறியை அமைத்தார். நம் ஆரணித் தறிகளின் தலைமேல் இருப்பது அதன் வழித்தோன்றலே. அப்பொறி வந்ததும் தறியின் உயரம் மிகுந்தது. பழைய வீடுகளில் நுழைய மறுத்தது. அந்நகரத்தார் என் செய்தனர்? குருவா ரூசு என்னும் குன்றின்மேல் புதிய தெருக்களையே எழுப்பினர். அவ்வீடுகளில் மேற்கூரை ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரம், பதின்மூன்று அடி. சன்னல்கள் ஆளுயரத்தினும் பெரியன. தறிக்கு உயரம் முழுவதையும் அளித்துவிட்டு, ஒரு மூலையில் மரப்பரண் கட்டி அதன்மீது குடும்பத்தார் உறங்கினர். மனிதர் பரணில், தறி கூடத்தில்! இதனை யாம் முன்மாதிரியாகக் காட்டவில்லை. அவர்கள் பட்ட வறுமை பெரிது. 1831 இலும் 1834 இலும் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்து குருதி சிந்தினர். யாம் காட்ட விழைவது பிறிதொன்று. பெரும்பான்மைத் தறிகள் அம்மாடிகளை விட்டு அகன்று நெடுங்காலமாயிற்று. எனினும் உயர்ந்த கூரையும் பெருஞ்சன்னலும் உடைய அவ்வீடுகளை இன்று செல்வர் விரும்பி வாங்குகின்றனர். இலண்டனில் ஸ்பிட்டல்பீல்ட்சு என்னும் பகுதியிலும் பட்டு நெசவாளர் வாழ்ந்த வீடுகளின் மேல்மாடத்தில் அகன்ற சன்னல்களைக் காணலாம். அவ்வீடுகளும் இந்நாளில் விலைமதிப்பு மிக்கன. தறிக்கெனக் கட்டிய அறை எதற்கும் உதவும். வெளிச்சமும் காற்றும் உயரமும் எவர்க்கு வேண்டா?

இவ்விடத்தில் நம் மாணவ நண்பர் சிலர் எம்மை மறிப்பர் என்பதை அறிவோம். சென்ற ஆண்டு வகுப்பில் இப்பேச்சு எழுந்தபோது ஆரணிப் பக்கத்து மாணவர் ஒருவர் எழுந்து, “எங்கள் அப்பாவின் முழங்காலைக் கெடுத்தது அந்தக் குழிதான், ஐயா. அது மூடினால்தான் எனக்கு நிம்மதி” என்றார். வகுப்பு அடங்கிவிட்டது. அவர் கூற்றில் உண்மையுண்டு. முதுகு நோவும் மங்கிய கண்ணும் எத்தனை வீடுகளில்! பிள்ளைகள் தறியில் அமரக்கூடாதென்று பெற்றோரே உறுதி பூண்டு, அதன் பொருட்டே அவர்களை இங்கு அனுப்புகின்றனர். யாம் எவரையும் தறிக்கு மீட்டு அனுப்பப் புறப்பட்டோமல்லோம். வேண்டாதவர் விடுதலே நேர். ஆயின் வேண்டாமென்று கூற உரியவர் யார்? தறியில் அமர்பவரே. ஐம்பத்தைந்து வயதில் தாமே ஈட்டித் தாமே செலவிடும் ஒரு தாயாரை நோக்கி, இனி மகன் அனுப்பும் பணத்துக்குக் காத்திருங்கள் என்று சுவரின் வாயிலாகச் சொல்லுதல் முறையன்று. வாயால் சொன்னாலாவது மறுத்துப் பேசலாம்.

கல்வி பெற்ற நம்மிடையே பிறிதொரு காரணமும் உண்டு. அதனை மெல்லக் கூறுகின்றோம். பெண் பார்க்க வருவோரும் அலுவலக நண்பரும் முன்கூடத்தில் தறியைக் கண்டால் என்ன நினைப்பரோ என்னும் கூச்சம். அத்தறியில் நெய்த சேலையை அவ்விருந்தினரே பல்லாயிரம் கொடுத்து வாங்கி உடுத்து வருவர். அப்பொழுது கூச்சம் எழுவதில்லை.

இனிக் கட்டுவோர்க்குப் பயன்படக்கூடிய சிலவற்றைச் சொல்லலாம். ஊரிலுள்ள கொத்தரிடமும் நெய்வோரிடமும் கேட்டறிந்தவை இவை. எம் சொந்த அறிவென்று உரிமை கொண்டாடோம். வரைபடத் தாளில் முதலில் எழுத வேண்டியது தறியின் நீள அகலம். அதனைச் சுற்றி ஒருவர் நடந்து வரும் இடமும் விட்டு, அதன்பின் சுவர்க் கோட்டை இழுக்கலாம். தறி தரைத்தளத்திலேயே இருக்கட்டும்; மாடியில் குழி தோண்ட இயலாது. மேடை கட்டி உயர்த்திய தறிகளும் உண்டு. முழங்கால் நோவுடையார்க்கு அவை ஏற்றனவா என நெய்பவரையே அமர்த்திப் பார்த்து முடிவு செய்தல் நன்று. நிலைக்கும் சன்னலுக்கும் வடதிசை ஒளி கிடைக்குமாயின் விடக்கூடாது. இருபுறமும் அண்டை வீட்டுச் சுவராயின், தளத்தில் ஒரு பகுதியைத் திறந்து கண்ணாடி இடலாம். அடுப்பறைச் சுவரும் குளியலறைச் சுவரும் தறியறைக்குப் பொதுச் சுவராகாதிருத்தல் வேண்டும். குழியின் பக்கங்களைச் செங்கல்லால் கட்டி, நீர் கசியாத பூச்சு இடுதல் வேண்டும். தரை ஓடு பதித்தபின் குழியை நினைத்தால் ஓடும் உடையும், மனமும் உடையும்.

அடிமட்டத்தின் உயரமே எல்லாவற்றினும் முதன்மையானது. தெருவில் தார் போடுந்தோறும் பழைய தளத்தின்மேலேயே புதுத்தளம் இட்டுத் தெரு உயர்வதும், வீடுகள் பள்ளமாவதும் நம் நாட்டு ஊர்கள் அனைத்திலும் கண்ட காட்சி. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பின்னரே புதியது இடவேண்டுமென 2021 இல் தமிழ்நாட்டரசு கட்டளையிட்டது. கட்டளையை நம்பிக் குழி தோண்ட வேண்டா. இரண்டடி கூட்டியே கடைக்கால் எழுப்புக.

கூரையைப் பற்றியும் ஒரு சொல். வெறுங் கான்கிரீட் தளத்தின் கீழ்ச் சித்திரை மாதப் பிற்பகலில் அமர்ந்து நெய்தல் தவமேயாகும். தறியறைக்கு மட்டும் மங்களூர் ஓடு வேய்ந்தால் செலவும் குறையும், வெப்பமும் தணியும். 1865 இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பாசல் மிஷனார் நெசவுச் சாலைகளும் நடத்தியவர்கள். ஓட்டுக்கும் தறிக்கும் உறவு புதிதன்று. தளமே வேண்டுமென்பார், கான்கிரீட்டின் அடிப்பகுதியில் ஓடுகளைப் பதித்து இடும் முறையைக் கைக்கொள்ளலாம். இங்கிலாந்தில் பிறந்து 1945 இல் இந்தியாவுக்கு வந்து, 2007 இல் திருவனந்தபுரத்தில் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் அம்முறையைப் பரப்பினார். இடையில் வெற்றிடம் விட்டுச் செங்கல் அடுக்கும் சுவரையும் அவர் எங்கும் கட்டினார். அதில் செங்கல் நாலிலொரு பங்கு மிச்சம், வெயிலும் உள்ளே எளிதிற் புகாது. அவர் வீடு வரையுமுன் அதில் வாழப் போகிறவரோடு நெடுநேரம் உரையாடுவாராம். நம் ஊர்களில் வரைபடம் எழுதுவோர்க்கு அப்பொறுமை வாய்க்குமாயின் இக்கட்டுரைக்கு வேலையே இராது.

இத்தனையும் செய்தபின், பத்தாண்டு கழித்துத் தறி வேண்டாதாயின் என் செய்வது? குழியின்மேல் மூன்று பலகைகளை இட்டு மூடினால் தீர்ந்தது. பேரப்பிள்ளைகள் படிக்க வெளிச்சமான ஓர் அறை. தறியில்லாமல் கட்டிய வீட்டில் தறி வேண்டுமானாலோ, முடித்த தரையைப் பிளக்க வேண்டும்.

நம் பழைய மாணவர் சென்ற மாதம் கல்லூரிக்கு வந்திருந்தார். அன்று எம் கேள்வி தம் செவியிலும் விழுந்ததாகச் சொன்னார். புழக்கடையில் பதினான்கடி நீளமும் ஒன்பதடி அகலமும் உள்ள நிலம் வெறுமனே கிடக்கிறதாம். தந்தையார் கட்டிலின் சன்னலுக்கு நேர் எதிரே. தாளில் கோடிட்டுக் கொண்டு வந்து காட்டினார். கோடுகள் செம்மையாகவே இருந்தன. ஓடு எவ்வளவு உயரத்தில் வரும், ஜக்கார்டுப் பெட்டிக்கு அது போதுமா என்று கேட்டோம். அவர் தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்து, பின்னர்க் கைப்பேசியை எடுத்துத் தாயாரை அழைத்தார்.